மறு: என்ஜிசி 891 மாதிரியில் கரும்பட்டை ஏன் இவ்வளவு அகலமாக வருகிறது?

விளிம்புப் பக்கமாகத் தெரியும் என்ஜிசி 891 கேலக்ஸியைக் கணினியில் மாதிரி செய்தால், தூசி ஒளியை மறைப்பதால் நடுவில் ஓடும் கரும்பட்டை நிஜப் படத்தைவிட அகலமாக வருகிறது என்கிறீர்கள். தூசிக்கும் விண்மீன்களுக்கும் ஒரே தடிமன் கொடுத்ததுதான் சிக்கல்.

வானியலாளர் சிலூரிஸின் குழுவினர் 1999-இல் இப்படிப்பட்ட கேலக்ஸிகளை அலசியபோது, தூசித் தட்டின் உயர அளவு (தடிமனைக் காட்டும் அளவு) விண்மீன் தட்டினுடையதில் ஏறக்குறைய பாதி என்று கண்டார்கள். ஆனால் ஆரத் திசையில், அதாவது மையத்திலிருந்து வெளிநோக்கி, தூசித் தட்டு சுமார் 1.4 மடங்கு நீளம். மெல்லியது, ஆனால் வெளியே தள்ளிப் பரவியது. முதலில் இந்த இரண்டையும் மாற்றிப் பாருங்கள்.

காரணம் அழகானது. தூசி வாயுவோடு கலந்தே இருக்கிறது. வாயு மேகங்கள் மோதி, ஆற்றலை இழந்து, நடுத்தளத்தில் படிந்துவிடும். விண்மீன்கள் மோதிக்கொள்வதில்லை, பெரிய மேகங்களின் ஈர்ப்பு அவற்றைக் காலப்போக்கில் மேலும் கீழும் கலைத்துவிடுகிறது. அதனால் வயதான விண்மீன்களின் தட்டு தடித்தது.

அப்புறம், பட்டை சரியாக வந்தபிறகு, சூடான தூசி வெளியிடும் தொலை அகச்சிவப்பு ஒளி மாதிரியில் நிஜத்தைவிடக் குறைவாக வரும். உடனே பரவலான தூசியைக் கூட்டிவிடாதீர்கள், பட்டை மறுபடி கெட்டுவிடும். இளம் விண்மீன்களை ஒட்டி இன்னும் மெல்லிய இரண்டாவது தூசித் தட்டு ஒன்றைச் சேருங்கள். பட்டைக்கு மேலே எழும் தூசி இழைகள் மட்டும் இந்த வழவழப்பான மாதிரியில் வராது.