சர்ப்பகந்தா: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சர்ப்பகந்தா வேரை மனநோய்க்குக் கொடுத்தார்களாமே?

உண்மைதான். பீகார் பக்கம் அதைப் பைத்தியத்துக்கு மருந்து என்றே விற்றார்கள். 1931-ல் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இருவர், இந்த வேர் மனக்கொதிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தணிப்பதை எழுதினார்கள். அதே ஆண்டு டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேரிலிருந்து பிரித்த ஒரு பொருளுக்கு, யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் ரத்த அழுத்தத்துக்கு இந்த வேர் உதவுவதைப் பற்றி 1949-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் மேல்நாடு திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா மருந்து நிறுவனத்தார் இந்த வேரின் முக்கியச் சத்தான ரெசர்பினைப் பிரித்தெடுத்தார்கள்.

நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் நார்அட்ரினலின், செரடோனின், டோபமின் எல்லாம் நரம்பு நுனியில் நுண்ணிய பைகளில் இருக்கும். ரெசர்பின் அந்தப் பைகளை நிரம்ப விடாது. இருப்பு தீரத் தீர ரத்தக் குழாய் தளரும், நாடி குறையும், மனமும் அடங்கும். அடங்கிய மனம் அப்படியே சோர்ந்தும் போகலாம்.

கேள்வி: பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தப் பொடியைச் சாப்பிடலாமா?

கூடாது. ஒவ்வொரு வேரிலும் சத்தின் அளவு வேறுபடும். ஸ்பூன் கணக்கு உதவாது. மனச்சோர்வு, வயிற்றுப்புண், மூக்கடைப்பு வரலாம். மருந்தின் வேகம் ஏற நாளாகும், நிறுத்தினாலும் உடனே இறங்காது.

கேள்வி: எனக்கு 150 இருக்கிறது. தினம் எத்தனை ஸ்பூன்?

மேலே இருக்கிறது, படியுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவோரம் நிறைய நிற்கிறதே, அதுதானே?

பெரும்பாலும் அது பாம்புக்களா. இதன் உறவுதான், ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. கணுவை உற்றுப் பாருங்கள். பாம்புக்களாவில் சிறிதும் பெரிதுமாக நான்கு இலைகள் சுற்றி நிற்கும், பூ சின்னது, வெள்ளை. சர்ப்பகந்தாவில் பெரும்பாலும் மூன்று இலை. பூக்காம்பு சிவந்திருக்கும், வெள்ளைப் பூவிலும் இளஞ்சிவப்பு படர்ந்திருக்கும். சந்தையில் ஒன்றை மற்றொன்றாக விற்பது சாதாரணம். இதற்காகவும்தான் பொடி வாங்காதீர்கள் என்கிறேன்.

கேள்வி: பாம்புக்கடிக்கு இதைவிட மருந்து உண்டா? கீரியே இதைத் தின்றுவிட்டுத்தான் நாகத்தோடு மோதும்!

கீரி பிழைப்பது வேரால் இல்லை. நாகத்தின் நரம்பு நஞ்சு போய் ஒட்டவேண்டிய இடம் அதன் உடலில் வேறு மாதிரி அமைந்திருக்கிறது, அதனால் ஒட்டாது. நமக்கு அந்த அமைப்பு இல்லை. கடித்தால் ஆஸ்பத்திரி, நஞ்சுமுறி ஊசி. வேர் அரைக்கிற நேரத்தில் உயிர் போய்விடும்.

கேள்வி: அப்படியானால் பழங்குடியினர் அறிவெல்லாம் பொய்யா?

யார் சொன்னது? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. அவர்கள் பிடிக்கிற நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியனின் நஞ்சிலிருந்துதான் பெரும்பாலும் இந்த ஊசிமருந்தே தயாராகிறது. பாம்பை அவர்களைவிட அறிந்தவர் யார்? அந்த அறிவை மதிப்பவர் ஊசிக்கு ஓடட்டும்.

கேள்வி: இரவில் தூக்கத்துக்கு ஒரு சிட்டிகை?

மருத்துவரைப் பாருங்கள். சிட்டிகைக்கும் அதே பதில்தான்.

கேள்வி: வளர்க்க ஆசை. காட்டிலிருந்து ஒன்று கொண்டுவரலாமா?

வேண்டாம். வேருக்காகப் பிடுங்கினால் செடியே போச்சு. அப்படித்தான் காடுகளில் அருகியது. இப்போது அதன் சர்வதேச வணிகத்துக்கே கட்டுப்பாடு இருக்கிறது. மூலிகைப் பண்ணையில் நாற்றாகக் கேளுங்கள். வாங்குமுன் இலையை எண்ணிக்கொள்ளுங்கள்.