கஜலில் அசையும் உடல் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரசீகக் கவிஞர்களான ஹாஃபிஸ், சஅதி ஆகியோரின் கஜல்களை, அதாவது காதல் பாடல்களை, மொழிபெயர்ப்பில் வாசித்தேன். சைப்ரஸ் மரம் போன்ற உயரம், வில் போன்ற புருவம், நர்கிஸ் மலர் போன்ற கண் என ஒரே பட்டியல்தான் கவிஞர்தோறும் திரும்ப வருகிறது. இதில் உயிருள்ள ஓர் உடல் எங்கே இருக்கிறது? இஸ்லாமிய ஞானமரபான சூஃபி வழியில் தரப்படும் விளக்கங்களைப் படித்தால் இருப்பதும் கரைந்துவிடுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பட்டியல் இருப்பது உண்மையே. 14ஆம் நூற்றாண்டில் ஷரஃபுத்தீன் ராமி என்ற பாரசீக எழுத்தாளர், கூந்தல் தொடங்கி ஒவ்வோர் உறுப்புக்கும் வழங்கிவந்த உவமைகளைத் தொகுத்து 'அனீஸுல் உஷ்ஷாக்' என்று ஒரு நூலே எழுதினார். தலைமுடி முதல் பாதம் வரை வருணிக்கும் நம் கேசாதிபாதம் அறிந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் எல்லோரும் அறிந்த அந்த உறுப்புகளை ஒரு கவிஞன் என்ன செய்ய வைக்கிறான் என்பதில்தான் அவனுடைய திறன் இருக்கிறது.

புருவம் வில்லாகவும் இமைமயிர் அம்பாகவும் கூந்தல் சுருக்குக் கயிறாகவும் ஆனதற்கு வரலாற்றுப் பின்னணி உண்டு. 11ஆம் நூற்றாண்டின் கஜினி அரசவையில் ஃபர்ருகீ போன்ற கவிஞர்களின் காதலுக்குரியவர் பல பாடல்களில் துருக்கியப் படைவீரனான இளைஞன். விருந்தில் மது ஊற்றும் கைதான் போரில் வில்லையும் ஏந்தியது. பிற்காலக் கஜல்களில் காதலுக்குரியவர் ஆணா பெண்ணா என்பதுகூடப் பெரும்பாலும் வெளிப்படுவதில்லை என்றாலும், பார்க்கப்படும் உடல் பார்ப்பவனைத் தாக்கும் என்ற அச்சம் மட்டும் தங்கிவிட்டது. தாக்கப்பட்டவனின் முகம் மஞ்சளாகிறது, முதுகு யாழ்போல் வளைகிறது, கண்ணீரில் குருதி கலக்கிறது, தலை வாசற்படியின் புழுதியில் கிடக்கிறது.

இந்த ஒழுங்கைத் தெரிந்துகொண்டு ஹாஃபிஸின் புகழ்பெற்ற அந்த ஒரு கஜலுக்கு வாருங்கள். கலைந்த கூந்தல், வியர்வை, சிரிக்கும் இதழ், கிழிந்த சட்டை, கையில் மதுக்குடுவை, சண்டைக்கு இழுக்கும் நர்கிஸ் கண்கள் ஆகியவற்றோடு நள்ளிரவில் ஒருவர் படுக்கையருகே வந்து அமர்கிறார். பிறகு காதலனின் காதுவரை தலையைத் தாழ்த்தி, வருந்திய குரலில், உறங்குகிறாயா என்று கேட்கிறார். என்றும் காதலனே தாழ்ந்துகிடந்த மரபில் காதலுக்குரியவரின் தலை குனிகிறது. உறுப்புகள் எல்லாம் பழையவை, அந்தக் குனிவு மட்டும் என்னை ஒவ்வொரு வாசிப்பிலும் நடுங்க வைக்கிறது.

சூஃபி விளக்கங்களைக் கண்டு நீங்கள் தயங்க வேண்டியதில்லை. 1317இல் சூஃபி கவிஞர் ஷபிஸ்தரி எழுதிய 'குல்ஷனே ராஸ்' கண், இதழ், கூந்தல், மச்சம் ஆகியவற்றுக்கு ஞானப்பொருள் கூறுகிறது. கூந்தல் உலகின் பன்மை, அது மறைக்கும் முகம் ஒருமை. ஆனால் கூந்தல் சரிந்து முகத்தை மூடுவதை மனக்கண்ணில் கண்டு தவித்தவருக்குத்தான் அந்தப் பொருளும் வலிக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.