‘பிஸ்ட்’ என்றால் வெறியா, கோபமா?

லண்டனில் பதினேழு வருடம் பெற்றோல் செட்டில் இரவு வேலை பார்த்துவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பியவன் நான். என் ஆங்கிலம் கவுண்டருக்குப் பின்னால் நின்று பிடித்த ஆங்கிலம். சனசமூக நிலையத்தில் நீங்கள் எழுதித் தந்த துண்டுகளுக்குத்தான் இந்தப் பதில்கள். இலக்கணச் சந்தேகம் என்றால் உங்கள் ரியூசன் ஆசிரியரைப் பிடியுங்கள்.

மாங்குளம்: ‘ஐ ஆம் டவுண்’, ‘ஐ ஆம் அப் ஃபோர் இற்’. ஒன்று கீழே, மற்றது மேலே. எப்படி ஒரே கருத்து வரும்?

வரும். இரண்டுமே ‘நானும் வாறன்’ என்பதுதான். ஆனால் ‘ஃபீலிங் டவுண்’ என்றால் ஆள் மனம் சோர்ந்து கிடக்கிறார்.

புதுக்குடியிருப்பு: லண்டன் சித்தப்பா ‘பிஸ்ட்’ என்றால் வெறி என்கிறார். கனடா அண்ணா கோபம் என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரி. பிரிட்டனில் ‘பிஸ்ட்’ என்றால் குடித்திருக்கிறான். அமெரிக்காவில் கோபமாய் இருக்கிறான். கனடாவிலும் பெரும்பாலும் அதுதான். பின்னால் ‘ஓஃப்’ சேர்ந்து ‘பிஸ்ட் ஓஃப்’ ஆனால் கடலின் இரண்டு கரையிலும் கோபம். ‘டேக்கிங் த பிஸ்’ என்பது பிரிட்டன்காரர் பகிடி பண்ணுவதற்குச் சொல்வது. ‘பிஸ் ஓஃப்’ என்றால் போய்த் தொலை. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது சிறுநீர். ஆகவே கேட்டு விளங்கிக்கொள்ளுங்கள், வாயில் எடுக்க அவசரப்படாதீர்கள்.

நான் போன புதிதில், கூட வேலை செய்தவன் ஒரு வாடிக்கையாளரைக் காட்டி ‘ஹி இஸ் பிஸ்ட்’ என்றான். அமெரிக்கப் படம் பார்த்து வளர்ந்த நான், மனிதர் கோபத்தில் நிற்கிறார் என்று ஓடிப்போய் மூன்று தரம் சொறி சொன்னேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். வாசம் வந்த பிறகுதான் விளங்கியது.

இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? நாங்கள் ‘அவன் வெறியில நிக்கிறான்’ என்றால் குடித்திருக்கிறான். தமிழ்நாட்டுக்காரர் காதில் அது ஆவேசம். ‘அம்மா பேசினவ’ என்றால் எங்களுக்கு ஏச்சு, அவர்களுக்கு வெறும் கதை.

வவுனியா, தமிழாசிரியர்: வெறி என்பது முதலில் குடியும் அல்ல, கோபமும் அல்ல. சங்கப் பாட்டில் வேலன் என்ற பூசாரி முருகு ஏறி ஆடுவது வெறியாட்டு.

வணக்கம் சேர், ஒப்புக்கொள்கிறேன். தன் வசத்தில் இல்லாதவன் என்பதுதான் அடி. அதிலிருந்து ஒரு பக்கம் கள்ளுக்கொட்டிலுக்கும் மறுபக்கம் சண்டைக்கும் போயிருக்கும் என்பது என் ஊகம்.

முல்லைத்தீவு: அப்ப வெறிநாய் எந்தப் பக்கம்?

சேரைக் கேளுங்கள். இதுவரை வந்த துண்டுகளில் பாதி வெறியைப் பற்றித்தான். ஆங்கிலத்துக்கு வருவோம்.

மல்லாவி: ‘யூ ஓல்ரைட்?’ என்று லண்டனில் கேட்டால் என்ன பதில் சொல்வது?

வழியில் கண்டவர் ‘எங்கை, உதிலையோ?’ என்றால் நாங்கள் பயண விவரமா சொல்கிறோம்? ‘உதிலைதான்’ என்று நடக்கிறோம். அப்படித்தான். ‘ஓல்ரைட்’ என்று திருப்பிச் சொல்லிவிட்டுப் போங்கள். அமெரிக்கரிடம் அப்படிக் கேட்டால், தன் முகத்தில் ஏதோ வருத்தம் தெரிகிறதோ என்று பயப்படுவார். அங்கே அந்த வேலையைச் செய்வது ‘வாட்ஸ் அப்’.

பரந்தன்: ‘ஓல்ரைட்’ என்றால் சுகம் விசாரிப்பதா?

மல்லாவிக்குச் சொன்னதுதான்.

விசுவமடு: மகன் கனடாவுக்குப் படிக்கப் போகிறான். கவனிக்க வேண்டிய சொல் உண்டா?

வகுப்பில் ‘றப்பர்’ கேட்க வேண்டாம். நாங்களும் பிரிட்டனும் அழிறப்பரைச் சொல்கிறோம்; அங்கே அது ஆணுறை. ‘இரேசர்’ என்று கேட்கட்டும்.

நெடுங்கேணி: ‘மீற் அப்’, ‘ஹாங் அவுட்’, ‘ஹூக் அப்’ மூன்றும் சந்திப்பதுதானே? மச்சாளுக்கு மூன்றாவதை எழுதிவிட்டேன்.

தம்பி, முதலாவது சந்திப்பது. இரண்டாவது சும்மா கூடி இருந்து பொழுது போக்குவது. மூன்றாவது இன்றைய பேச்சில் படுக்கை வரை போகும். வாயில் எடுக்க அவசரப்படாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்கும்தான். உடனே மன்னிப்புக் கேட்டு எழுது, மாமா பார்க்க முன்னம்.

ஒட்டுசுட்டான்: ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சைக் கட்டுரையில் இவற்றை எழுதினால் புள்ளி கூடுமா?

குறையும்.

துணுக்காய்: ‘யூ ஓல்ரைட்’ என்று கேட்டால்...

உதிலைதான்.