நட்சத்திரமா, ஒன்பது கட்டமா?

கேள்வி: என் கணவருடைய பழைய பருத்திச் சட்டைகள் ஏழு, பெரும்பாலும் வெளிர் நிறக் கோடு போட்டவை, என்னிடம் இருக்கின்றன. அவற்றுடன் அரக்கு நிறத்தில் ஒன்றும் கரும்பச்சையில் ஒன்றுமாக இரண்டு பருத்திச் சேலைகள், ஒரு சுங்குடிச் சேலை, பெரிய பூப்போட்ட பருத்தித் துணி 3 மீட்டர், மகளின் பள்ளிச் சீருடைகள் ஆகியவையும் உள்ளன. புதிதாகத் துணி வாங்காமல், ஒற்றைக் கட்டிலுக்கு ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தைக்க விரும்புகிறேன். படத்தில் பார்த்த நட்சத்திர வடிவத்தை இவற்றில் தைக்கலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: நட்சத்திரம் அழகான வடிவம்தான். ஆனால், உங்களிடம் உள்ள துணிகள் அதற்கு ஒத்துவரா. நட்சத்திரத்தின் முனைகள் தெளிவாகத் தெரிய வேண்டுமானால், பின்னணித் துணி அமைதியாக இருக்க வேண்டும். உங்கள் மலையிலேயே வாழும் தோடர்கள் போர்த்தும் புத்துக்குளி என்ற சால்வையில் சிவப்பு, கறுப்பு நூல் வேலைப்பாடு அவ்வளவு எடுப்பாக இருப்பதற்கு, அடியில் இருக்கும் வெறும் வெள்ளைத் துணியும் ஒரு காரணம். உங்களிடம் உள்ள வெளிர் துணிகளோ கோடு போட்ட சட்டைகள். முக்கோணங்களாக வெட்டும்போது அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் ஓடி, நட்சத்திரத்தை மறைத்துவிடும். மேலும், மூலைவாட்டில் வெட்டிய ஓரம் இழுபடும் தன்மையுடையது. பலமுறை துவைத்து மென்மையான துணியில் அது இன்னும் அதிகமாக இழுபடுவதால், முனைகள் ஒன்றோடொன்று சேராமல் உங்கள் பொறுமையைச் சோதிக்கும்.

நான் பரிந்துரைப்பது ஒன்பது கட்டம். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சிறு சதுரங்களை இணைத்து ஒரு கட்டமும், அதற்கு அடுத்து அதே அளவில் வெட்டாத ஒரு பெரிய சதுரமுமாக, சதுரங்கப் பலகை போல மாற்றி மாற்றி வைத்துத் தைப்பது இது. இதில் எல்லாமே நேர்வெட்டு என்பதால், இழை வாட்டத்திலேயே வெட்டலாம். பெரிய பூப்போட்ட துணிக்கும் இதுவே ஏற்றது. சிறு துண்டாக நறுக்கினால் பூ எது, இலை எது என்று தெரியாமல் போகும் அந்தத் துணி, பெரிய சதுரத்தில் முழுப் பூவாக நிற்கும்.

தைத்து முடித்த கட்டம் 9 அங்குலம் என்று கொண்டால், அகலத்தில் 7, நீளத்தில் 10 என 70 கட்டங்கள் சேர்ந்து 63 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உள்ள போர்வை கிடைக்கும். அவற்றில் 35 பெரிய சதுரங்களை ஒன்பதரை அங்குலமாக வெட்ட வேண்டும். 44 அங்குல அகலத் துணியானால் வரிசைக்கு நான்கு வீதம் இரண்டேகால் மீட்டரில் முடிந்துவிடும். மீதி 35 கட்டங்களுக்கு, மூன்றரை அங்குலச் சதுரங்களாக, நான்கு மூலைகளிலும் நடுவிலும் வைக்க அடர்நிறத்தில் 175, இடையில் வைக்க வெளிர்நிறத்தில் 140 தேவை. ஒரு சட்டையின் முதுகுப் பகுதியிலேயே ஏறக்குறைய 30 சதுரங்கள் தேறும். அடர்நிறத்துக்கு இரண்டு சேலைகளும் தாராளமாகப் போதும். கொசுவமும் கரையோரமும் நைந்திருக்கக்கூடும் என்பதால், சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இழை விலகாத இடத்தில் மட்டும் வெட்டுங்கள்.

தையலுக்கு விடும் கால் அங்குலத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) அளவு கூடுதலாகத் தைத்தாலும், ஒன்பது துண்டுகள் சேர்ந்த கட்டம் அரை அங்குலம் குறுகிப் பக்கத்துப் பெரிய சதுரத்தோடு பொருந்தாது. முதல் கட்டத்தைத் தைத்து அளந்து பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடங்குங்கள்.

எது அடர்நிறம், எது வெளிர்நிறம் என்ற ஐயம் வந்தால், துணிகளைத் தரையில் பரப்பிச் செல்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். நிறம் மறைந்து அடர்த்தி மட்டும் தெரியும்; அரக்கும் கரும்பச்சையும் அந்தப் படத்தில் ஒன்றுபோல் தெரிவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அதனால்தான் இரண்டையும் ஒரே இடத்துக்குக் கலந்து பயன்படுத்தலாம் என்கிறேன்.

சீருடைகள் டெரிகாட்டாக இருந்தால் இதில் சேர்க்க வேண்டாம். பருத்திக்குத் தேவையான இஸ்திரிச் சூட்டை அது தாங்காது. பருத்தி சுருங்கும் அளவுக்குச் சுருங்கவும் செய்யாது.

சுங்குடிச் சேலையை வெட்டி நறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஐந்தரை மீட்டர்ச் சேலையானால், 94 அங்குல நீளத்தில் இரண்டு துண்டுகளை அகலவாட்டில் இணைத்துப் போர்வையின் அடிப்புறம் முழுவதற்கும் வைத்துவிடலாம். அதற்கு முன், ஈரமான வெள்ளைத் துணியால் அதையும் அரக்குச் சேலையையும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், தண்ணீர் தெளிவாகும் வரை பலமுறை தனியே அலச வேண்டும். அப்போதும் சாயம் நிற்காத துணியைச் சட்டைத் துணிக்கு அருகில் வைக்காதீர்கள்.

மேல்புறத்துக்கும் அடிப்புறத்துக்கும் நடுவில் வைக்க, ஏற்கெனவே துவைத்துப் பழகிய மெல்லிய கம்பளி போதும். கோத்தகிரி மழைக்காலத்தில் தடித்த பஞ்சுப் போர்வை நாள் கணக்கில் காயாமல் வாடை வீசும். கம்பளி வைத்தால் வெந்நீரில் மட்டும் துவைக்க வேண்டாம்.