சுகர் மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து அப்பாவுக்குக் குமட்டல், வாந்தி. நிறுத்திவிடலாமா?

அப்பா ராமநாதபுரம் மண்டபத்தில் வல்லத்தில் (மீன்பிடிப் படகில்) கடலுக்குப் போகிறவர், மெட்பார்மின் தொடங்கி ஒரு வாரம், விடியுமுன் வெறும் டீயோடு மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வெறும் டீ மேல்தான் சந்தேகம். லேசான குமட்டல்தான் என்றால் நிறுத்த வேண்டாம், போடும் விதத்தை மாற்றுங்கள். சாப்பாட்டின் நடுவிலோ சாப்பிட்டு முடித்த கையோடோ போட வேண்டிய மாத்திரை அது. விடியுமுன் சாப்பாடு இறங்காது என்றால், இரவுச் சாப்பாட்டோடு போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அளவையும் பாருங்கள். வழக்கமாக 500 மி.கி.யில் தொடங்கி வாரம் 500 வீதம் கூட்டுவார்கள். எடுத்த எடுப்பில் 1000 என்றால் பலருக்கு வயிறு புரட்டும். மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். வகை வயிற்றுக்கு இதம். அதை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. மாத்திரையின் கூடு மலத்தில் வந்தாலும் பயப்பட வேண்டாம், மருந்து உள்ளே இறங்கியிருக்கும். சில மெட்பார்மின் மாத்திரைகளில் மீன் கவிச்சி வாடை அடிக்கும். அதிலேயே குமட்டுகிறவர்கள் உண்டு. மேலே பூச்சு உள்ளதாகக் கேட்டு வாங்கலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் உடம்புக்குப் பழகிவிடும்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மெட்பார்மினோடு கிளிமிபிரைடு என்ற இன்னொரு சுகர் மருந்தும் சேர்ந்திருந்தால் விஷயமே வேறு. மாத்திரை உள்ளே போய், சாப்பாடு வாந்தியாக வந்துவிட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல் வரும். நடுக்கடலில் அது உயிருக்கே ஆபத்து. மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலக்கி உடனே கொடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வல்லத்தில் நனையாத டப்பாவில் சர்க்கரை இருக்கட்டும், கூட வருகிறவர்களுக்கும் சொல்லி வையுங்கள். வாந்தியில் போன சுகர் மாத்திரைக்குப் பதிலாக இன்னொன்று போடக் கூடாது.

எதுவும் தங்காமல் வாந்தி எடுக்கிற நாளில் மெட்பார்மினை அன்றைக்கு நிறுத்திவிட்டு டாக்டருக்குச் சொல்லுங்கள். நீர் வற்றிச் சிறுநீரகம் சுணங்கினால் மருந்து உடம்பிலேயே தேங்கி ரத்தத்தில் அமிலம் கூடும். நம் கரை வெயிலில் நீர் சீக்கிரம் வற்றும். டாபாகிளிபுளோசின் என்ற சுகர் மாத்திரை, பிரஷருக்கான நீர் மாத்திரை போடுகிறவர்கள் அவற்றையும் அன்றே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாம், சுகர்காரருக்கும்தான். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழு லிட்டரில் கரையுங்கள், டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கலக்காதீர்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, உப்பு கூடிவிடும். காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள். வாந்தி எடுத்துப் பத்து நிமிடம் கழித்து, ஸ்பூன் ஸ்பூனாக.

வாந்திக்கு டோம்பெரிடோனைத் தினமும் கடையில் வாங்கிப் போடுவது சரியல்ல. இதய நோய் இருந்தால் கேட்காமல் தொடவே வேண்டாம். கடல் வாந்திக்கான புரோமெத்தசின் தூக்கம் வர வைக்கும், வல்லத்தில் இருப்பவருக்கு அது ஆகாது.

வாந்தியில் ரத்தம் அல்லது காப்பித்தூள் நிறம், கண் மஞ்சள், கடும் வயிற்றுவலி, மூச்சு வாங்கல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை: இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். போகும்போது அவர் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.