மலைநாட்டை நடந்து பார்க்க: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அட்டன், தலவாக்கலை, அப்புத்தளைப் பகுதிகளில் பயணிகளுக்கு வழிகாட்டும் ஐவர் கொண்ட பிரதேசச் சுற்றுலாக் குழு ஒன்றில் பணியாற்றுகிறேன். வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஆண்டு முழுவதும் மற்றவர்களை அழைத்துச் செல்லும் உங்கள் குழுவினர், தங்களுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் எங்கே செல்வீர்கள்? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: நடக்கத்தான் செல்வோம். எங்களில் ஒருவர், டிசம்பர் முதல் மார்ச் வரையான மாதங்களில், நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு விடியற்காலையிலேயே சென்று, குளிர்காலத்தைக் கழிக்க வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்னும் பறவையைத் தேடுவார். இன்னொருவர் அப்புத்தளையில் பிறந்தவர். தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் என்னும் காட்சிமுனை வரை, இருள் பிரியுமுன் தேயிலை மலைகளினூடாக ஏறிச் செல்வதை விட உலகில் வேறு இன்பம் இல்லை என்பது அவருடைய முடிவு.

எனக்குப் பிடித்தது நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை நோக்கிச் செல்லும் வழி. கண்டி ஹந்தானையில் தொடங்கி, அட்டன், அப்புத்தளை, எல்ல ஆகிய பகுதிகளைச் சுற்றிக்கொண்டு நுவரெலியாவில் முடிகிற பெக்கோ நடைவழியின் ஒரு பகுதி அது. முந்நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட அந்த நடைவழி 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது சுற்றுலாவுக்கென்று புதிதாக வெட்டப்பட்ட பாதையன்று. கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டு செல்லவும், தோட்டத்தின் ஒரு டிவிஷனிலிருந்து (பிரிவிலிருந்து) மறு டிவிஷனுக்குப் போகவும் எங்கள் பாட்டன்மார் வெட்டி, கல் அடுக்கி, மண் நிரப்பிய தோட்டத்துப் பாதைகளே இன்று அந்தப் பெயரில் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கின்றன. ஜேம்ஸ் டெய்லர் 1867 ஆம் ஆண்டில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரவும் இதே வழியில்தான் இருக்கிறது.

காலை எட்டு மணியளவில் அந்தப் பாதையில் நடந்தால், பனிமூட்டம் கலைவதற்கு முன்பே கொழுந்து பறிப்பவர்களின் பேச்சுக்குரல் மேலிருந்து கேட்கும், ஆட்களைக் காண முடியாது. வளைவு ஒன்றைத் தாண்டினால் பீலியில் தண்ணீர் விழும் ஓசை. அதன் அருகே சவர்க்காரம் தேய்ந்து வழுவழுப்பாகிய துவைகல். சற்று மேலே கொழுந்து நிறுக்கும் மடுவம், அதன் சுவரோடு சாய்த்து வைத்த தராசு. முன்பின் தெரியாத அம்மா ஒருவர் ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் நீட்டி, "சாப்பிட்டுப் போங்க தம்பி" என்பார். அந்த வழியில் பலமுறை நடந்திருக்கிறேன். வெறுங்கையுடன் அனுப்பப்பட்டது மிகச் சில தடவைகள்தான்.

கேள்வி: எந்த மாதத்தில் வந்தால் மழையில் அகப்படாமல் நடக்கலாம்? (வாசகி, மட்டக்களப்பு)

பதில்: மலைநாட்டை ஒரே வானிலை உள்ள ஒரே ஊராக எண்ணுவதே பலரின் பயணத்தைக் கெடுக்கிறது. மத்திய மலைத்தொடரின் மேற்குச் சரிவான அட்டன், நோர்வூட், மஸ்கெலியா பகுதிகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கொட்டித் தீர்க்கும். அதே காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரத்தை இழந்துவிடும். உங்கள் கிழக்கில் கச்சான் என்று சொல்லும் காற்று அதுவே. ஆகவே அட்டனில் குடையின்றி வெளியே வர முடியாத ஜூலையில், பண்டாரவளையிலும் எல்லயிலும் வெயில் அடிக்கும்.

தேயிலையை அறிந்தவர்களுக்கு இதை நினைவில் வைப்பது எளிது. மேற்குச் சரிவிலுள்ள திம்புள்ளைத் தேயிலைக்கு மணம் கூடுவது ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. வறண்ட காற்று கொழுந்துக்குச் சுவையேற்றும் அந்த மாதங்களே அந்தந்தப் பக்கத்தில் நடப்பதற்கும் உகந்தவை. நீங்கள் பாடசாலை ஆகஸ்ட் விடுமுறையில் வருவதாயின், நேரே ஊவாவுக்கு வாருங்கள். தெமோதரையில் 1921 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தையும், எல்லயிலுள்ள சின்ன சிவனொளிபாதத்தையும் சிறுவர்களோடு ஒரே நாளில் நடந்து பார்த்துவிடலாம்.

எந்த மாதமாயினும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் மலைப்பாதையில் இறங்காதீர்கள். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்கள் மண்ணில் புதையுண்டதைக் கண்டவர்கள் நாங்கள். முற்பணம் கட்டிவிட்டோம் என்று வற்புறுத்தும் பயணிகளையும் அத்தகைய நாட்களில் நாங்கள் அழைத்துச் செல்வதில்லை.

கேள்வி: 64 வயதான என் தாயார் சிவனொளிபாதமலைக்குச் செல்ல ஆசைப்படுகிறார். முழங்கால் வலி உண்டு. அழைத்து வரலாமா? (வாசகர், வவுனியா)

பதில்: அம்மாவை மருத்துவரிடம் காட்டி, அவர் இணங்கினால் அழைத்து வாருங்கள். 2,243 மீற்றர் உயரமான அந்த மலைக்கு, இரத்தினபுரி வழியை விட நல்லதண்ணி வழியே குறுகியது. எனினும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரையான யாத்திரைக் காலத்தில் மட்டுமே வழி நெடுக விளக்குகளும் தேநீர்க் கடைகளும் இருக்கும் என்பதால், பிற மாதங்களில் அம்மாவை அழைத்து வர வேண்டாம். பௌர்ணமியையும் சனி, ஞாயிறையும் தவிர்த்துவிடுங்கள். கூட்டத்தில் நிற்க நேரும் நேரம் ஏறும் களைப்பை விடக் கொடியது.

இளைஞர்கள் மூன்று, நான்கு மணித்தியாலத்தில் ஏறிவிடுவார்கள். அம்மாவுக்கு அதைப் போல இரு மடங்கு நேரம் ஒதுக்கி, முன்னிரவிலேயே புறப்படுங்கள். முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். ஊன்றுகோல் ஒன்று கையில் இருக்கட்டும். உச்சியில் வியர்த்த உடையோடு நின்றால் காற்று எலும்புவரை ஏறும், ஆதலால் மாற்று மேற்சட்டையும் காதை மூடும் துணியும் அவசியம். சூரியன் எழுந்ததும் பலர் கிழக்கையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். அம்மாவை மேற்குப் பக்கம் திருப்பி, மலையின் நிழல் முக்கோணமாய்ப் பனிமூட்டத்தின் மீது விழுந்து கிடப்பதைக் காட்டுங்கள்.

வழியில் அம்மாவால் முடியாமல் போனால் வருத்தப்பட வேண்டாம். சீத கங்குல ஓடையில் முகம் கழுவி, அங்கிருந்தே மலையைக் கும்பிட்டுத் திரும்பும் முதியவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

கேள்வி: ஹோர்ட்டன் சமவெளிக்கு இரண்டு முறை வந்தும் 'உலக முடிவு' என்னும் செங்குத்துப் பாறை விளிம்பில் பனிமூட்டத்தைத் தவிர எதையும் காணவில்லை. (வாசகர், கொழும்பு)

பதில்: தாமதமாக வந்திருப்பீர்கள். ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி மேலேறிவிடும். காலை ஆறு மணிக்கு நுழைவாயிலில் நின்று, ஒன்பதரைக் கிலோமீற்றர் சுற்றுப்பாதையில் உலக முடிவை முதலிலும் பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பின்னரும் காணும் திசையில் நடவுங்கள். பொலித்தீனில் சுற்றிய உணவை நுழைவாயிலில் அனுமதிக்க மாட்டார்கள்.

கேள்வி: அட்டைக்கடிக்கு என்ன செய்வது? (வாசகி, திருகோணமலை)

பதில்: உலர்ந்த சவர்க்காரக் கட்டியைக் காலுறையின் மேல் நன்றாகத் தேய்த்துவிட்டு நடவுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து எடுக்காமல் சிறிது உப்பு வையுங்கள். உண்மையில் அஞ்ச வேண்டியது அட்டைக்கு அல்ல, குளவிக்கு. கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி உயிரிழந்த தொழிலாளர்கள் எங்கள் தோட்டங்களில் பலர். பெரிய மரங்களில் கூடு தொங்குவதைக் கண்டால் சத்தமிடாமல் விலகிச் செல்லுங்கள். அருகில் தீ மூட்டுவதும் கல்லெறிவதும் கூடவே கூடாது. வழியில் எதிர்ப்படும் தோட்டத்து மக்கள், "அந்தப் பக்கம் போகாதீங்க" என்றால், காரணம் கேட்காமலே திரும்பிவிடுங்கள்.

கேள்வி: கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் எடுக்கலாமா? (வாசகர், நீர்கொழும்பு)

பதில்: அவர்களைக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் எடுக்கலாம். அன்றைய கொழுந்தின் நிறையைப் பொறுத்தே அவர்களின் அன்றைய கூலி அமையும். நீங்கள் நிறுத்தி வைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் சாக்கில் குறையும் கொழுந்து. லயத்து வாசலில் நிற்கும் பிள்ளைகளைக் கேட்காமல் படம் எடுப்பதை எங்கள் குழு அறவே அனுமதிப்பதில்லை. அவர்களுக்கு இனிப்பு வீசுவதும் வேண்டாம். உதவ விரும்பினால், அந்தத் தோட்டத்து இளைஞர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்தி, முழு நாட்கூலியைக் கொடுத்து, பகல் உணவை அங்குள்ள வீடொன்றில் சொல்லி வைத்துச் சாப்பிடுங்கள்.

கேள்வி: என் பாட்டி பழைய மஸ்கெலியாவில் பிறந்தவர். அந்த ஊரின் மிச்சம் ஏதும் உண்டா? (வாசகி, டொரொன்டோ)

பதில்: உண்டு, மகளே. 1969 இல் மவுசாகலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய நகரம் நீருக்குள் சென்றது. கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும் நாட்களில், அன்றைய கோயிலின் எச்சங்கள் வெளியே தெரியும். மக்கள் இறங்கிச் சென்று வழிபடுவதும் உண்டு. பங்குனி, சித்திரையில் வருவதற்குத் திட்டமிட்டு, புறப்படுமுன் நீர்மட்டத்தை எங்களிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். வெடித்த சேற்றின் மேலோடு உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே கால் புதையும், ஆகவே ஊரவர் நடந்து பழகிய தடத்தை விட்டு விலகாமல் செல்ல வேண்டும். பாட்டி நினைவில் வைத்திருக்கும் கடைவீதி, கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று முன்பே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். சேர்ந்து நடந்து தேடுவோம்.