யோகா மேட்டு இல்லன்னா என்ன, தரை இருக்குல்ல!

போன இதழ்ல யோகாவ பத்தி சும்மா ஒரு வரி சொல்லி வச்சேன், அவ்வளவுதான், கடிதமும் வாட்ஸாப்பும் குவிஞ்சிடுச்சு. பாதி பேரு ஆசனம் கேட்டிருக்காங்க, மீதி பேரு கோலம், எழுத்து, மேளம்னு ஒரு காலத்துல செஞ்சத விட்டுட்டோமே திரும்ப எப்படி புடிக்கறதுன்னு கேட்டிருக்காங்க. ரெண்டுக்கும் இங்கயே சேத்து பேசிடுவோம், ஏன்னா எல்லா கடிதத்துலயும் கடைசி வரி ஒண்ணுதான், "டைம் இல்ல அக்கா". பேரு போடல, ஊரு மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரரு செம்பனை (பாமாயில்) தோட்டத்துல பழம் வெட்டுறாரு. விடியறதுக்கு முன்ன பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போனா மதியம் தாண்டித்தான் வீடு. ராத்திரியானா கழுத்து புடிச்சிருக்கு, கோடாலி தைலம் தேய்ச்சு விடுன்றாரு. கொஞ்சம் யோகா பண்ணுங்களேன்னா "நாள் பூரா கம்பு தூக்குறேனே, அதுக்கு மேல என்னடி எக்சசைஸ்"னு கேக்குறாரு. அவரு சொல்றதும் நியாயமாத்தான படுது?
- சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, கேக்க நியாயமாத்தான் இருக்கும், ஆனா வேலை வேற பயிற்சி வேற. அவரு வேலைய கொஞ்சம் நெனச்சு பாருங்க. உயரமான மரம்னா நீளக் கம்பு, நுனியில அரிவாள், தலைய பின்னால சாய்ச்சு மேலயே பாத்துக்கிட்டு ரெண்டு கையும் தோளுக்கு மேல, அப்புறம் ஒரே இழுப்பு, அந்த இழுப்பு எப்பவும் பழகின கைப்பக்கம். குலை விழுந்தா குனிஞ்சு தூக்கணும், பெரிய மரத்துக் குலைன்னா 20 கிலோவுக்கு மேலயும் வரும். பால் மரம் (ரப்பர்) வெட்டுறவங்களும் கிட்டத்தட்ட இப்படித்தான், வெட்டு எப்பவும் இடது பக்கம் மேலேருந்து வலது பக்கம் கீழ இறங்குது, அதனால ஆளும் மரத்த சுத்தி ஒரே பக்கமா திரும்பணும், கீழ்ப்பட்டையில வெட்டுற நிரைன்னா பாதி நேரம் குனிஞ்ச முதுகு குனிஞ்சபடி. இப்படி ஒரு நாளைக்கு எத்தன மரம், எத்தன வருஷம்? இழுக்கிற பக்கத்து சதை இரும்பா இருக்கும், அதுல சந்தேகமே இல்ல, எதிர்ப்பக்கத்து சதை மட்டும் நீளறதுக்கு வாய்ப்பே இல்லாம கெடக்குது. ஆசனம் பண்ணச் சொல்றது அந்தப் பக்கத்துக்குத்தான்.

அவருகிட்ட யோகான்னு சொல்லாதீங்க, சொன்னா அன்னிக்கு வீட்ல சண்டை. குளிச்சிட்டு வந்து அஞ்சடியில (வீட்டு முன் நடையில) சாயறாருல்ல, அப்ப புடிங்க. செவுத்துல முதுகும் பின்மண்டையும் ஒட்டி நின்னு மோவாய மெல்ல உள்ள இழுக்கணும், ரெட்டை மோவாய் விழுந்து பாக்க அசிங்கமாத்தான் இருக்கும், பரவால்ல, அஞ்சு மூச்சு அப்படியே நிக்கட்டும். மேல பாத்தே சுருங்கிப்போன பின்கழுத்து அதுலதான் கொஞ்சம் இளகும். அப்புறம் பாய்ல முட்டி போட்டு கைய ஊனிக்கிட்டு, மூச்சு விடும்போது முதுக மேல வளைக்கறது, இழுக்கும்போது கீழ இறக்கறது, பத்து தடவ போதும். கடைசியா மல்லாந்து படுத்து ரெண்டு காலையும் செவுத்துல ஏத்தி வச்சுட்டு கண்ண மூடிக்க சொல்லுங்க, தூங்கிட்டா தூங்கட்டும், எழுப்பாதீங்க. பிரஷர் கட்டுல இல்லாதவங்களும் கண்ணுல அழுத்த நோய் உள்ளவங்களும் கால அவ்வளவு ஒசரத்துல ஏத்த வேணாம், கெண்டைக்கால நாற்காலி மேல வச்சுக்கிட்டா போதும்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க. விரல் மரத்துப் போகுது, கைப்பிடி நழுவுது, வலி தோள்லேருந்து கை வரைக்கும் விண்ணுன்னு இறங்குதுன்னா ஆசனமும் வேணாம் தைலமும் வேணாம், மறுநாளே கிளினிக்குக்கு கூட்டிட்டு போங்க.

கேள்வி: யோகாலாம் கே.எல்.ல (கோலாலம்பூர்ல) ஏர்கான் ரூம்ல காசு குடுத்து மேட்டு வாங்கிப் போட்டு பண்றவங்களுக்கு. எஸ்டேட்டுல பொறந்து வளந்த நமக்கு எதுக்கு இந்த ஸ்டைலு?
- சிரம்பான்

பதில்: சிரம்பான்லேருந்து இந்தக் கேள்வி வருதே, அதுதான் வேடிக்கை! பத்தமடையில 1887ல பொறந்த குப்புசாமின்னு ஒருத்தர், மருத்துவம் படிச்சவர், 1913ல மலாயாவுக்கு கப்பலேறி வந்து உங்க சிரம்பான் பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியிலதான் வேலைக்கு சேந்தாரு. நம்ம பாட்டன் பூட்டனுக்கு மருந்து கலக்கிக் குடுத்த கை அது. அப்புறம் ஜொகூர் பக்கம் கொஞ்ச வருஷம். 1923ல எல்லாத்தையும் விட்டுட்டு இந்தியாவுக்கு திரும்பிப் போயி ரிஷிகேஷ்ல சன்னியாசம் வாங்குனாரு, அவருதான் சுவாமி சிவானந்தர். 1936ல தெய்வீக வாழ்க்கை சங்கத்த ஆரம்பிச்சதும் அவருதான். அவரோட சீடர் விஷ்ணுதேவானந்தா 1957ல அமெரிக்கா போயி, பிறகு கனடாவுல உக்காந்து, அடிப்படை ஆசனம் 12ன்னு வரிசைப்படுத்தி உலகம் பூரா கொண்டு போனாரு. இப்ப கே.எல். ஏர்கான் ரூம்ல சொல்லித் தர்றதுலயும் அந்த வரிசையோட சாயல் இருக்கலாம், அப்ப யாரு யாருகிட்டேருந்து வாங்குனதுன்னு நீங்களே சொல்லுங்க.

இன்னொண்ணு, நாம தொன்றுதொட்டுன்னு சொல்ற சூரிய நமஸ்காரமே இன்னிக்கு இருக்குற பயிற்சி வடிவத்துல பெருசா பரவுனது 1920கள்ல, மகாராஷ்டிர பக்கத்து அவுந்த் சமஸ்தானத்து ராஜா அத ஊரு ஊரா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா எடுத்துட்டு போனதால. ராஜா பண்ணலாம், எஸ்டேட் ஆஸ்பத்திரிக்காரரு பண்ணலாம், நீங்களும் பண்ணலாம். மேட்டு வாங்க காசு செலவழிக்காதீங்க. டைல்ஸ் தரையில பிளாஸ்டிக் பாய மட்டும் விரிக்காதீங்க, வழுக்கி விட்ரும். நின்னு பண்றதுக்கு வெறும் தரையில வெறுங்கால்தான் நல்ல பிடிப்பு, படுத்து பண்றதுக்கு பழைய கம்பளிய நாலா மடிச்சுக்கங்க.

கேள்வி: கிளவ்ஸ் பேக்டரியில 12 மணி நேர ஷிப்ட், ஒரு வாரம் பகலு ஒரு வாரம் ராத்திரி. எஸ்டேட்டுல இருந்தப்ப லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல்ல தினம் கோலம் போடுவேன், இப்ப ப்ளாட்டுல மூணாவது மாடி, வாசலே இல்ல. யூடியூப் பாத்து யோகா ஆரம்பிச்சேன், அதுவும் நின்னு போச்சு. ரெண்டையும் எப்படி புடிக்கறது அக்கா?
- கூலிம்

பதில்: மொதல்ல கோலத்த புடிங்க, யோகா அது பின்னாலயே வந்துடும். வாசல் இல்லன்னா கதவுக்கு முன்னால ரெண்டு சிமெண்டு சதுரம் இருக்கும்ல, அது போதும். அரிசி மாவு போட்டா எறும்பு வரும், பக்கத்து வீட்டுக்காரங்க மூஞ்ச தூக்குவாங்க, அதனால சாக்பீஸ். நடுவுல 5 புள்ளி, மேல 3, அதுக்கு மேல 1, கீழயும் அதே மாதிரி. இப்ப சிக்கு கோலம், கோடு புள்ளிய தொடாம சுத்தி வளைஞ்சு வரணும், ஆரம்பிச்ச எடத்துலயே வந்து முடியணும். லயத்துல இருந்தப்ப கை தானா ஓடியிருக்கும், இப்ப மூணாவது வளைவுலயே தடுமாறும். அந்த தடுமாற்றத்துல மனசு வேற எங்கயும் போக முடியாது பாருங்க, சூப்பர்வைசர் சொன்னது, வீட்டுக் கடன் எதுவும் அந்த நேரத்துல உள்ள நுழையாது. வளைவ இழுக்கும்போது மூச்ச மெல்ல விடுங்க, கைய எடுத்து வைக்கும்போது உள்ள இழுங்க. குத்துக்காலிட்டு உக்காருறீங்கல்ல, அதுதான் மாலாசனம், யோகா வகுப்புல வேர்க்க வேர்க்க சொல்லித் தர்றது. குதிகால் தரையில படலன்னா அடியில ஒரு துண்ட மடிச்சு வைங்க, முட்டி வலி இருந்தா சின்ன ஸ்டூல்ல உக்காந்து போடுங்க.

கோலம் ஒண்ணும் லேசுப்பட்டது இல்ல. சென்னை கிறித்துவக் கல்லூரியில கிஃப்ட் சிரோமணின்னு ஒரு பேராசிரியர், 1970கள்ல கூட வேல பாத்தவங்களோட சேந்து இந்த புள்ளிக் கோலத்த கணித இலக்கணமா பிரிச்சு ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியிருக்காரு. அடுத்த தடவ மகன் "என்னம்மா தரையில கிறுக்குற"ன்னு கேட்டா சொல்லுங்க.

ஷிப்ட் ஆளுங்களுக்கு "தினம் காலைல 5 மணிக்கு"ன்னு சொல்றதெல்லாம் வேலைக்கு ஆகாது. மணிய விட்ருங்க, ஒரு காரியத்தோட ஒட்டிக்கங்க. வேன் வர்றதுக்கு நிக்கும்போது ஒரு கால்லயே பாரத்த போடாம ரெண்டு காலும் சமமா ஊனி நிக்கறது. வீட்டுக்கு வந்து ஷூ கழட்டுனதும் கோலம், முழுசா முடியலன்னாலும் நாலு வளைவு. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு பகல்ல தூங்கணும்னா திரைய இழுத்து விட்டுட்டு படுத்து, நாலு எண்ணி மூச்ச இழுத்து ஆறு எண்ணி விடுங்க, பத்து தடவ. மூச்சு வெளிய போகும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும், அதனாலதான் வெளி மூச்ச நீட்டச் சொல்றாங்க. யூடியூப் நின்னு போனதுக்கு வருத்தப்படாதீங்க, பாதி ஆசனத்துல கழுத்த திருப்பி திருப்பி போன பாக்குறதுக்கு அத விட்டதே நல்லதுதான்.

கேள்வி: எஸ்டேட் ஆபீஸ்ல கிராணியா (கிளார்க்கா) இருந்து ரிட்டையர் ஆனவன். தமிழ் நேசன் இருந்தப்ப என் கவிதை ரெண்டு வந்துச்சு. 2019ல பத்திரிகை நின்ன பிறகு எழுத்தும் நின்னு போச்சு. திரும்ப எழுத உக்காந்தா வெறும் தாள பாத்து கை நடுங்குது. தியானம் பண்ணா கற்பனை ஊறுமா?
- தெலுக் இந்தான்

பதில்: ஐயா, 1924லேருந்து வந்த பேப்பரு, நின்னப்ப உங்கள மாதிரி எத்தன பேருக்கு கை நின்னுச்சோ. ஆனா தியானம் பண்ணிட்டு கவிதைக்கு காத்திருக்காதீங்க, அது வராது, தூக்கம்தான் வரும். நீங்க ஆயுசு பூரா செக்ரோல் (வேலையாளுங்க வருகைப் பதிவு) எழுதுனவரு. இன்னார் வந்தாரு, இன்னார் வரல, அர நாள், முழு நாள். அதயே எழுதுங்க. ஒரு நோட்டுல தினம் ஒரு ஆளு பேரு, அந்த லயத்துல எத்தனாவது வீடு, அவங்க வாயில அடிக்கடி வர்ற சொல்லு ஒண்ணு, பெரட்டுக்கு வராத நாள்ல என்ன காரணம் சொன்னாங்க, மூணு வரிக்கு மேல வேணாம். காரணம் சொல்றதுல நம்ம ஆளுங்கள மிஞ்ச யாரு இருக்கா, அதுலயே ஒரு புத்தகம் கெடக்கு. அந்த லயமே இப்ப இருக்குமோ என்னமோ, புள்ளைங்கள பாத்துக்கற ஆயாக் கொட்டகை எங்க இருந்துச்சு, மண்டோரு (மேஸ்திரி) வீட்டு வாசல்ல என்ன மரம் நின்னுச்சுன்னு சரியா சொல்லக்கூடிய ஆளு இன்னும் எத்தன பேரு மிச்சம்?

கை நடுக்கம் தாள பாத்தா மட்டும்தானா, இல்ல தேத்தண்ணி கிளாச புடிச்சாலும் வருதா? அப்படி வந்தா டாக்டர் பாக்கணும், அத கவிதைக் கணக்குல எழுதிடாதீங்க. எழுத உக்காரும் முன்ன விரல விரிச்சு மடக்கி, மணிக்கட்ட ரெண்டு பக்கமும் சுத்துங்க, பாதம் ரெண்டும் தரையில படட்டும்.

கேள்வி: சாயந்தரம் நாலஞ்சு பொம்பளைங்க தாமான் (குடியிருப்பு) பாலாய் ராயாவுல, அதான் பொது மண்டபத்துல, ஆசனம் பண்றோம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா நானும் வரட்டுமான்னு கேக்குறாங்க. கூப்பிட்டா பிரச்சனை வருமா?
- பீடோங்

பதில்: 2008 நவம்பர்ல மலேசிய தேசிய ஃபத்வா (இஸ்லாமிய மார்க்கத் தீர்ப்பு) மன்றம் முஸ்லிம்கள் யோகா செய்யக் கூடாதுன்னு சொல்லுச்சு, மந்திரமும் வழிபாடும் அதுல கலந்திருக்குங்கறது காரணம். சில நாள்லயே அப்ப பிரதமரா இருந்த அப்துல்லா படாவி, மந்திரம் ஓதாம வெறும் உடற்பயிற்சியா செஞ்சா தடையில்லன்னாரு. இது அவங்க மதம், அவங்க மனசு, முடிவும் அவங்களது. நீங்க மறைக்காம இங்க பண்றது யோகான்னு சொல்லிடுங்க, இழுக்கவும் வேணாம் தடுக்கவும் வேணாம். தயக்கமா இருந்தா சேந்து நடக்கப் போங்களேன், பாலாய் ராயாவ சுத்தி நாலு ரவுண்டு.

வேற ஒரு வழியும் இருக்கு. அவங்களுக்கு கெதுப்பாட் (சோறு வேக வைக்கற ஓலைக் கூடு) பின்னத் தெரியும், உங்களுக்கு தோரணம் கட்டத் தெரியும், ரெண்டுக்கும் அதே தென்னங்குருத்துதான். ஒரு சனிக்கிழமை ஓலைய வெட்டிட்டு வந்து அவங்க கூட தரையில சம்மணம் போட்டு உக்காருங்க, கெதுப்பாட்ல ரெண்டு முனையும் எப்படி உள்ள போயி வெளிய வருதுன்னு கத்துக்கவே ஒரு சாயந்தரம் ஓடிடும்.

கேள்வி: அக்கா நான் உருமி மேள குழுவுல இருக்கேன், படிக்கறது பாரம் 5. தைப்பூச பிராக்டிஸ்ல தோள் பட்டை செம வலி. அப்பா வேற திட்றாரு. யோகா பண்ணா தாளம் நல்லா வருமா?
- கோல சிலாங்கூர்

பதில்: தம்பி, உருமியோட வாரு எப்பவும் ஒரே தோள்ல தொங்குதா? பிராக்டிஸ்ல பாதி நேரமாவது உக்காந்து அடி, வார கொஞ்சம் ஏத்திக் கட்டு. வளைஞ்ச குச்சிய தேய்ச்சு உறுமல் எடுக்கற கைக்குத்தான் மணிக்கட்டு சீக்கிரம் களைக்கும், ஆரம்பிக்கறதுக்கு முன்ன மணிக்கட்டையும் தோளையும் பின்பக்கமா சுத்து. தாளத்துக்கு ஒரு வழி சொல்றேன், மேளத்த தொடாம கண்ண மூடி உக்காந்து சொல்லுக்கட்ட (தாளச் சொற்கள) வாயால சொல்லு, பாதி வேகத்துல, ஒரே மூச்சுக்குள்ள எத்தன சுத்து அடங்குதுன்னு பாரு. மூச்சு எங்க அறுந்து போகுதோ அங்கதான் அடியும் பிசகும். காதுக்கு அடைப்பான் வாங்கு, இந்த வயசுல கெட்ட காது திரும்ப வராது. அப்பா திட்டறது எஸ்.பி.எம். பரிட்சைக்காகன்னா அவரு பக்கம்தான் நானு.

கேள்வி: காலைல நாசி லெமாக் பசியாறிட்டு உடனே ஆசனம் பண்ணலாமா?
- ஈப்போ

பதில்: பண்ணாதீங்க, சம்பல் மேல வந்துடும். வயிறு முட்ட சாப்பிட்டா மூணு மணி நேரமாவது போகட்டும். சாப்பிட்ட உடனே உக்காரலாம்னு சொல்ற ஆசனம் வஜ்ராசனம், முட்டிய மடக்கி குதிகால் மேல உக்காருறது, முட்டி ஒத்துழைச்சா அஞ்சு நிமிஷம் உக்காருங்க. இல்லன்னா ஆசனத்த மொதல்ல முடிச்சிட்டு கடைக்குப் போங்க, ஏழு மணிக்குள்ள போனாத்தான் அவிச்ச முட்டை மிச்சம் இருக்கும்.